கர்ப்பிணியின் வயிற்றுக்கு ஊரார் தீர்ப்பு எதற்கு?

தென்பொருநை

2024 மே 20 அன்று தீபிகா படுகோன் மும்பையில் வாக்களிக்க வந்தார். தளர்வான வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அது பொய் வயிறு என்று உடனே எழுதத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து 'கல்கி 2898 ஏடி' பட விழாவுக்கு உடலை ஒட்டிய கறுப்பு உடையிலும் குதிகால் உயர்ந்த செருப்பிலும் வந்தார். வயிறு உண்மை என்று தெரிந்தவுடன் குற்றச்சாட்டு மாறியது. பிள்ளைத்தாய்ச்சி இப்படியொரு செருப்புப் போடலாமா என்று அதே ஆட்கள் கேட்டார்கள். செப்டம்பர் 8 அன்று அவருக்கு மகள் பிறந்தாள்.

இது புதிதல்ல. ஐஸ்வர்யா ராய்க்கு 2011 நவம்பரில் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் கழித்து கான் திரைப்பட விழாவுக்கு வந்தபோது உடல் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று பத்திரிகைகளே எழுதின. யானை பிளிறும் ஒலியைச் சேர்த்து ஒரு காணொளியும் வெளியானது. நம் காஜல் அகர்வால் 2022 பிப்ரவரியில், குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருந்தபோது, உடல் மாற்றங்களைக் கேலி செய்பவர்களுக்குத் தனிப் பதிவு எழுத வேண்டியிருந்தது.

என் நிலைப்பாட்டை நேரடியாகச் சொல்கிறேன். ஒரு கர்ப்பிணியின் எடை, உடை, நடை பற்றித் தீர்ப்புச் சொல்ல வெளியாருக்கு எந்த உரிமையும் கிடையாது. அவர் நடிகையாக இருந்தாலும் சரி, அடுத்த வீட்டு மருமகளாக இருந்தாலும் சரி. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

நேர்மறுப்பு

மறுக்கிறேன்.

யானைச் சத்தம் போட்டவன் இழிந்தவன். அவனுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் கர்ப்பத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது யார்? 1991 ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகை டெமி மூர் ஏழு மாத வயிற்றோடு ஆடையின்றி 'வேனிட்டி ஃபேர்' அட்டையில் நின்றார். அன்றைக்கு அது அதிர்ச்சி. சில கடைகள் உறையிட்டு மூடித்தான் இதழை விற்றன. இன்றைக்கு அது ஒரு வழக்கமான விளம்பர முறை. 2012இல் அமெரிக்கப் பாடகி ஜெசிகா சிம்ப்சன் அதே பாணியில் 'எல்' இதழின் அட்டைக்கு வந்தார். குழந்தை பிறந்ததும் எடைக்குறைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விளம்பரத் தூதரானார். ஏறிய எடைக்கும் வருமானம், இறங்கும் எடைக்கும் வருமானம். ஆலியா பட் குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 2022 அக்டோபரில், தன் நிறுவனத்தின் பெயரில் கர்ப்பகால உடைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

சந்தையில் கடை விரித்தவர் பொருளைப் புரட்டிப் பார்க்காதே என்று சொல்ல முடியாது. பாராட்டு வேண்டும், விமர்சனம் வேண்டாம் என்றால் அது நியாயமில்லை. அடுத்த வீட்டு மருமகளை இதில் சேர்க்காதீர்கள். அவர் எதையும் விற்கவில்லை.

ஊசிநூல்

கர்ப்பகால உடை என்றதும் உள்ளே வந்தேன். நான் தையல்காரி. நேர்மறுப்பு சொல்வதில் ஒரு பாதி எனக்குச் சம்மதம். உடையை விற்றால் உடையைப் பற்றிப் பேசலாம். விலை அதிகம், துணி வியர்வையை உறிஞ்சவில்லை, பக்கத் தையலில் பிரித்துவிட இடம் இல்லை, பால் கொடுக்கத் திறப்பு சரியான இடத்தில் இல்லை, எதையும் சொல்லுங்கள். அந்த உடைக்குள் இருக்கும் பெண்ணின் இடுப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

என்னிடம் வரும் பெண்கள் ஐந்தாம் மாதம் வரை பழைய சுடிதாரையே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு நைட்டி, மேலே ஒரு துண்டு. வளைகாப்புக்கு மட்டும் பட்டுப்புடவை, ரவிக்கை மட்டும் புதிதாகத் தைக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நைட்டி உதவாது. அலுவலகத்துக்குப் போட்டுப் போக வயிற்றுக்கு இடம் விட்ட குர்தாவும் அகலப் பட்டி வைத்த கால்சட்டையும் கேட்கும் துணிச்சல் இப்போதுதான் வந்திருக்கிறது. 2016இல் கரீனா கபூர் வயிறு தெரியும்படி லக்மே ஃபேஷன் மேடையில் நடந்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, இதுபோல வேண்டும் என்று கேட்டவர்கள் என் வாடிக்கையாளர்களில் உண்டு. அந்தப் படத்தால் நன்மை விளைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோபுரவாசல்

அறுபதைத் தாண்டியவன் நான். என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன்.

கர்ப்பத்தை மறைவாக வைத்துக் காத்ததற்கு நம் முன்னோரிடம் காரணம் இருந்தது. கண்ணேறு என்று சொன்னார்கள். நம்பாதவர்கள்கூட அதன் பின்னால் இருந்த அக்கறையை ஏற்பார்கள்: பலவீனமான நிலையில் இருக்கும் பெண்ணைக் கூட்டத்தின் பார்வைக்கு வைக்காதே என்பதுதான் அது. பாடகி ரியானா 2022இல் பாரிஸில் உள்ளாடை தெரியும் மெல்லிய உடையில் நிறைவயிற்றோடு ஒரு விழாவுக்குப் போனார். அதை விடுதலை என்று கொண்டாடினார்கள். வயிற்றை மூடினால் அடிமைத்தனமா? என் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தினோம். ஊரையே கூப்பிட்டோம். அப்போதும் அவள் புடவையில்தான் இருந்தாள். கண்ணியமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே இருக்க முடியும்.

தென்பொருநை

ஐயா, உங்கள் மகள் புடவை கட்டிக்கொண்டது அவர் விருப்பம். அதை யாரும் குறை சொல்லவில்லை. ரியானாவின் உடையும் அதுபோல அவர் விருப்பம்தான்.

மறைத்து வைப்பதுதான் நம் மரபு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கும்பகோணம் பக்கத்தில் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை என்று அம்மனைக் கும்பிடுகிறோம். வயிற்றில் கை வைத்துக் கருவைத் தாங்கி நிற்கும் கோலம் அது. பிள்ளை வேண்டும் என்றும் சுகப்பிரசவம் வேண்டும் என்றும் எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். தாய்மை அடைந்த உடலைக் கருவறையில் வைத்து விளக்கேற்றிய ஊர் நம்முடையது. அக்கறைதான் நோக்கம் என்றால், கேலி செய்பவரைத் தடுப்பதில் அதைக் காட்டலாமே. கேலிக்கு ஆளான பெண்ணை உள்ளே போகச் சொல்வது எப்படி அக்கறையாகும்?

கோபுரவாசல்

கேலி செய்பவரைக் கண்டிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மற்றதில் என் மனம் மாறவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி

கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அது என்ன எடை என்று தெரிந்துகொள்ளட்டும்.

நிறைமாதத்தில் குழந்தை மூன்று கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. விரிந்த கருப்பை ஒரு கிலோ. உடலில் கூடுதலாக ஊறும் இரத்தம் ஒன்றரைக் கிலோ. பிறகு மார்பு, திசுக்களில் தேங்கும் நீர், பால் கொடுக்கும் மாதங்களுக்காகச் சேரும் கொழுப்பு. கர்ப்பத்துக்கு முன் இயல்பான எடையில் இருந்த பெண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவது சரி என்று அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு 2009இல் அளவு வகுத்தது. முன்பே பருமனானவருக்கு 5 முதல் 9 கிலோ, மெலிந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ. ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு. படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் முதல் குழந்தையைச் சுமந்தபோது நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மே மாதம் நியூயார்க்கின் மெட் காலா விழாவுக்குக் கழுத்து முதல் பாதம் வரை பூப்போட்ட உடையில் வந்தார். சோபா உறை என்று சிரித்தார்கள். கறுப்பு வெள்ளை உடையில் வந்தபோது திமிங்கிலத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். பிரிட்டன் இளவரசி கேட் மிடில்டனும் அப்போது கர்ப்பமாக இருந்தார். இருவர் படத்தையும் அருகருகே அச்சிட்டு, ஒல்லியாக இருப்பவரைப் புகழ்ந்து மற்றவரை இகழ்ந்தார்கள். கிம்மின் வீங்கிய பாதங்களை, செருப்பு வார் அழுத்திய தடம் தெரியும்படி நெருக்கமாகப் படம் எடுத்துப் போட்டார்கள்.

அவருக்கு பிரீஎக்லாம்ப்சியா இருந்தது. பின்னர் அவரே சொன்னார். இருபதாம் வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் ஏறும். சிறுநீரில் புரதம் போகும். சிலருக்கு முகமும் கையும் காலும் வீங்கி, ஒரே வாரத்தில் எடை தாவும். தலைவலி விடாது, கண் மங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாயும் சேயும் போகலாம். கிம்முக்கு ஜூன் 15 அன்று, குறித்த நாளுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேரோடி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கர்ப்பங்களும் ஆபத்து என்ற நிலையில் மூன்றாவது, நான்காவது பிள்ளைகளை வாடகைத் தாய் மூலம் பெற்றார்.

உலகம் சிரித்தது ஒரு நோயின் அறிகுறியைப் பார்த்து. பாடகி பியான்சேயும் 2018இல் 'வோக்' இதழில் தன் கதையைச் சொன்னார். இரட்டைக் குழந்தைகள் பிறந்த நாளில் அவர் எடை 218 பவுண்டு, அதாவது 99 கிலோ. அவருக்கும் இதே நோய். ஒரு மாதத்துக்கும் மேல் படுக்கையில் இருந்து, அவசர சிசேரியனில்தான் பிரசவம்.

நேர்மறுப்பு

செவிலியம்மா எழுதியதைப் படித்து வருந்தினேன். அந்தப் படங்களைப் போட்டவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் இதிலிருந்து எடையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்ற முடிவுக்கு எப்படி வருகிறீர்கள்?

கர்ப்பகால நீரிழிவு நம் ஊரில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். இருவருக்குச் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் நெய்யும் இனிப்புமாக ஊட்டுகிறார்கள். எந்த எடையும் அழகுதான் என்று பிரபலங்கள் எழுதும்போது படிக்கிற பெண்கள் ஒரு மருத்துவப் பிரச்சினையை அழகுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். பேசாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

ஓய்வுபெற்ற செவிலி

பேச வேண்டும் தம்பி. எங்கே, யார் பேசுவது என்பதுதான் கேள்வி. அந்த எண்ணுக்குரிய இடம் தாய்சேய் நல அட்டை. மாதா மாதம் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், சர்க்கரை எல்லாம் அதில் எழுதுகிறோம். கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பெண்ணிடம் சொல்கிறோம்.

வெளியில் நடக்கும் கேலி அந்த அட்டையைப் பாதிக்கிறது. எடை ஏறிவிட்டது, திட்டுவார்கள் என்று பரிசோதனைக்கே வராத பெண்களை நான் வீடு தேடிப் போய் அழைத்து வந்திருக்கிறேன். வயிறு பெரிதாகத் தெரியக் கூடாது என்று இரவுச் சாப்பாட்டை விட்ட படித்த பெண்களும் உண்டு. நீங்கள் நீரிழிவைச் சொன்னீர்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இவர்களுக்கு ஒல்லியான நடிகையின் படத்தைக் காட்டி இப்படி இரு என்று சொல்வது கொடுமை.

மண்வாசம்

எல்லோரும் மருத்துவமனையைக் கோயிலாக்கிப் பேசுகிறீர்கள். அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். நூற்றில் அறுபத்து மூன்று பெண்களால் இயற்கையாகப் பெற முடியாது என்று நம்பச் சொல்கிறீர்களா?

என் மனைவியின் முதல் பிரசவத்தில் வலி வந்த சில மணி நேரத்திலேயே கையெழுத்துக் கேட்டார்கள். காரணம் கேட்டதற்கு, குழந்தைக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று பதில். அவள் தனியாகப் படுத்திருந்தாள், நான் வெளியே நின்றேன். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லவில்லை. எங்கள் பாட்டிமார் மருத்துவச்சியின் கையில் வீட்டிலேயே பெற்றவர்கள். பிரேசில் மாடல் ஜிசெல் புண்ட்சென் 2009 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் பிள்ளை பெற்றார். பணத்துக்குக் குறைவில்லாதவர், எந்த மருத்துவமனையையும் தேர்ந்தெடுத்திருக்கலாம். வீட்டைத் தேர்ந்தெடுத்தார். உடலின் மீது வெளியார் தீர்ப்பு கூடாது என்று தொடங்கிய தென்பொருநை, இந்தத் தேர்வை மதிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

நேர்மறுப்பு

மண்வாசம் சரியான இடத்தில் பிடித்தார். தென்பொருநை இதற்கு என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். செருப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் குளியல் தொட்டியைப் பற்றியும் பேசக் கூடாது. இரண்டும் அவள் உடல், அவள் விருப்பம்.

நல்லூர்ப்பெண்

நான் பிரிட்டனில் இருக்கிறேன். என் இரண்டாவது பிள்ளையை வீட்டில்தான் பெற்றேன். ஆதலால் இது பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

இங்கே வீட்டுப் பிரசவம் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள். அது அரசு மருத்துவச் சேவையின் ஒரு பகுதி. கர்ப்பம் முழுவதும் பரிசோதனைகள் நடந்தன. இரத்த அழுத்தம், குழந்தையின் நிலை, முந்திய பிரசவம் எல்லாம் பார்த்த பிறகே வீட்டில் பெறலாம் என்று சொன்னார்கள். அன்றிரவு பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவத் தாதியர் இருவர் வந்தார்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியும் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவியும் அவர்கள் பையில் இருந்தன. ஆஸ்பத்திரி பக்கத்தில். ஏதாவது பிசகினால் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போக முன்பே ஏற்பாடு.

இத்தனை இருந்தும் முதல் பிள்ளையை நான் ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். இங்கிலாந்தில் ஆபத்துக் குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் வீட்டில் பெறுவதால் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்துத் தெரியவில்லை. முதல் பிள்ளை என்றால், ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்த தீவிரமான பாதிப்பு வீட்டில் 9.3 ஆகியது. வீட்டில் பெறலாம் என்று தொடங்கிய முதற்பிள்ளைத் தாய்மாரில் 45 சதவீதம் பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. இந்த எண்களை என் தாதி என் முன்னால் வைத்துத்தான் முடிவெடுக்கச் சொன்னார். அண்ணா, ஜிசெல் வீட்டிலும் பயிற்சி பெற்றவர்கள் கூட இருந்தார்கள். படத்தில் தொட்டி மட்டும்தான் எங்கள் கண்ணில் படுகிறது.

ஓய்வுபெற்ற செவிலி

இந்த மகள் எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள்.

மண்வாசம் தம்பி, உங்கள் மனைவிக்கு நடந்தது தவறு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நம் ஊரில் வீட்டுப் பிரசவம் என்ற பெயரில் நடப்பது வேறு. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், காணொளிகளைப் பார்த்துக் கற்றதை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் இரத்தப்போக்கால் இறந்தார். அது அவருக்கு இரண்டாவது பிள்ளை. எந்தத் தாதியும் அங்கே இல்லை, ஊசியும் இல்லை. அடுத்த மாதமே வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று விளம்பரம் செய்தவரைக் கோவையில் கைது செய்தார்கள்.

குழந்தை வந்த பிறகுதான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கருப்பை வழியே ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை கல்போல இறுகி அந்தக் குழாய்களை நெரிக்க வேண்டும். இறுகாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். ஆரோக்கியமாக இருந்த, எந்தப் பரிசோதனையிலும் குறை தெரியாத பெண்ணுக்கும் இது வரும்.

பாட்டிமார் வீட்டில் பெற்றார்கள் என்கிறீர்கள். பெற்றுப் பிழைத்தவர்கள்தான் நமக்குப் பாட்டிகள் ஆனார்கள். 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் என்ற கணக்கில் இறந்தார்கள். இந்தியச் சராசரி 97. ஆரம்ப சுகாதார நிலையத்தை இரவும் பகலும் திறந்து வைத்ததும், 108 வண்டி வந்ததும், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகையும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது. இன்று நம் மாநிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன.

மண்வாசம்

அம்மா, காணொளி பார்த்துப் பிரசவம் பார்க்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. நல்லூர்ப்பெண்ணுக்குக் கிடைத்தது ஏன் என் மனைவிக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கோபம். பயிற்சி பெற்ற மருத்துவத் தாதி, விளக்கமான எண்கள், கூட நிற்கக் கணவன். இதில் ஒன்றுமே இல்லாமல் வா, படு, கையெழுத்துப் போடு என்றால், மக்கள் வேறு வழி தேடத்தான் செய்வார்கள். அந்த வழியில் ஏமாற்றுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களைக் கைது செய்தது சரி. அவர்களிடம் மக்களைத் தள்ளிவிட்டவர்களை யார் கேட்பது?

ஓய்வுபெற்ற செவிலி

நீங்கள் கேட்பது நியாயம். மருத்துவத் தாதியருக்கென்று தனிப் பயிற்சி தரும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. பதினெட்டு மாதப் பயிற்சி. அது எல்லா ஊருக்கும் வர வேண்டும் என்று அழுத்தம் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம். கேட்டுப் பெறுங்கள். தனியாரிடம் போனால் எட்டாம் மாதத்திலேயே கேளுங்கள்: உங்கள் மருத்துவமனையில் நூற்றுக்கு எத்தனை சிசேரியன், கணவனை உள்ளே விடுவீர்களா, இரவில் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, இரத்தம் எங்கிருந்து வரும். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை விட்டு வேறு இடம் பாருங்கள்.

தென்பொருநை

நேர்மறுப்பு என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஜிசெல் தன் வீட்டில் பெற்றார். அது அவர் முடிவு. ஏன் அங்கே பெற்றாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் 2010இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், ஆறு மாதம் தாய்ப்பால் கொடுப்பதை உலகம் முழுவதும் சட்டமாக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். பால் சுரக்காதவர்கள், மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் எல்லோரும் கொதித்தார்கள். பிறகு அவர் விளக்கம் சொல்ல நேர்ந்தது. அந்தப் பேச்சை விமர்சித்தது சரி என்பேன். அவர் தன் உடலைப் பற்றிப் பேசவில்லை, மற்ற பெண்களின் உடலுக்குச் சட்டம் கேட்டார்.

என் அளவுகோல் இதுதான். ஒருத்தி தனக்காக எடுக்கும் முடிவு அவளுக்கும் அவள் மருத்துவருக்கும் உரியது. பிறருக்கு அறிவுரையாகச் சொல்லும்போது அந்த அறிவுரையைச் சோதிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. தீபிகாவின் செருப்பு யாருக்கும் அறிவுரை இல்லை. காணொளி பார்த்து வீட்டில் பெறு என்பது அறிவுரை, அதில் ஆள் சாகிறாள்.

மண்வாசத்தின் கோபம் எனக்கும் உண்டு. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் சிசேரியன் முடிந்த மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. முன்பே நுரையீரலில் இரத்தம் உறைந்து கட்டியானவர் என்பதால் என்ன நடக்கிறது என்று அவருக்கே புரிந்தது. ஸ்கேன் எடுங்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுங்கள் என்று கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். விடாமல் வற்புறுத்திய பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் இரத்தக்கட்டிகள் தெரிந்தன. மருத்துவமனையில்தான் அவர் பிழைத்தார். அங்கேயே அவர் சொல்லைக் கேட்க வைக்கப் போராடவும் வேண்டியிருந்தது. உலகப் புகழ் பெற்றவருக்கே இந்த நிலை. பிரபலங்களின் கர்ப்பத்தில் பேச வேண்டியது இவ்வளவு இருக்கும்போது நாம் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஊசிநூல்

தட்டைச் செருப்பு நல்லதுதான், அதை மருத்துவர் சொல்லட்டும். தென்பொருநை சொன்ன கோட்டில் நானும் நிற்கிறேன்.

நேர்மறுப்பு

அந்தக் கோடு நல்ல கோடு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரபலம் எதையும் அறிவுரையாகச் சொல்வதில்லை. படம் போடுகிறார், இத்தனை வாரத்தில் பழைய உடலுக்குத் திரும்பினேன் என்கிறார். அடியில் ஒரு பானத்தின் பெயரோ உடற்பயிற்சிச் செயலியின் பெயரோ இருக்கிறது. பார்க்கிற பெண்ணுக்கு அதுவே கட்டளை. அவள் வீட்டில் பயிற்சியாளரும் இல்லை, சமையல்காரரும் இல்லை, இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதியும் இல்லை. இதைத்தான் கடை விரிப்பது என்று முதலிலேயே சொன்னேன். இங்கே நான் பின்வாங்க மாட்டேன்.

தென்பொருநை

பின்வாங்க வேண்டாம், அதில் உங்களோடு நிற்கிறேன். பானத்தையும் செயலியையும் கிழித்துத் தோரணம் கட்டுங்கள். பணம் வாங்கிய பதிவென்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலேயே விதி வகுத்தது. உடல்நல அறிவுரை தருபவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும் என்று 2023இல் சேர்த்தது. மீறும் பதிவைப் பார்த்தால் அந்த மன்றத்திடம் புகார் கொடுக்கலாம். பிரசவமான பெண்ணை இலக்கு வைக்கும் எடைக்குறைப்புப் பதிவுகள் உங்கள் கண்ணில் பட்டால் இங்கே இணைப்பைப் போடுங்கள். சேர்ந்தே புகார் அனுப்புவோம்.

நேர்மறுப்பு

இன்றிரவு இரண்டு இணைப்புகள் போடுகிறேன். செவிலியம்மா, ஒன்றில் பிரசவமான மூன்றாம் வாரத்திலேயே வயிற்றை இறுக்கும் பட்டையும் பட்டினி முறையும் சொல்கிறார்கள். மருத்துவ ரீதியாக அதில் என்ன தவறு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் புகாரில் அதையே சேர்க்கலாம்.

ஓய்வுபெற்ற செவிலி

எழுதித் தருகிறேன். பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பட்டினி முறை என்ற ஒரு வரியிலிருந்தே தொடங்கலாம்.